பட்ஜெட்டுக்குள் சிம் ரேசிங் விஆர் ஹெட்செட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொள்ளாச்சி, கோபாலபுரம், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு என்று தமிழ்நாடு-கேரள எல்லையின் இரண்டு பக்கமும் சிம் ரேசிங் (நிஜ ஓட்டத்தைப் போலவே இருக்கும் கம்ப்யூட்டர் கார் பந்தயம்) ஆடுகிறவர்கள், விஆர் ஹெட்செட் (கண்ணை மூடி மாட்டிக்கொண்டு கேமுக்குள்ளேயே இருப்பதுபோல் பார்க்கும் திரை) பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளை விட்டிருக்கிறோம். விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால் ரூபாய்க் கணக்கைக் குறைத்து, எதற்குக் காசு போகவேண்டும் என்பதை மட்டும் சொல்கிறோம்.

1. மானிட்டர்லயே நல்லாத்தானுங்க ஓடுது. விஆர் போட்டா அப்படி என்ன கூடுதலா கிடைக்குது?

ஆழமும் அளவும். மானிட்டரில் வளைவு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை அனுபவத்தில் ஊகிக்கிறீர்கள். ஹெட்செட்டில் கண்ணே அளந்துவிடும். சாலை எங்கே ஏறுகிறது, எங்கே சரிகிறது என்பது தெளிவாகத் தெரியும். பெல்ஜியத்தின் ஸ்பா பந்தயத் தடத்தில் வரும் ஓ ரூஜ் ஏற்றத்தை மானிட்டரில் மட்டும் பார்த்தவர்களுக்கு அது சுவர் மாதிரி நிற்கும் என்பதே தெரிந்திருக்காது. பக்கத்தில் ஒட்டி வரும் காரைத் தலையைத் திருப்பிப் பார்க்கலாம், வளைவுக்குள் நுழையும் முன்பே அதன் உள்முனையைப் பார்க்கலாம்.

இழப்பதும் உண்டு. படத்தின் கூர்மை நல்ல மானிட்டர் அளவுக்கு வராது. முகம் வேர்க்கும். கீபோர்டு, போன், தண்ணீர் பாட்டில் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. மூன்று மணி நேர எண்டியூரன்ஸ் பந்தயம்தான் உங்கள் விருப்பம் என்றால் பெரிய மானிட்டரோடு நிற்பதே நல்லது. லேப் டைம் குறையும் என்று நம்பி மட்டும் வாங்காதீர்கள்.

2. 500 ரூபாய்க்கு போனை வெச்சுப் பார்க்கிற பெட்டி கிடைக்குதே, அது ஆகாதுங்களா?

ஆகாது. போன் தலை திரும்புவதை மட்டும்தான் அறியும். நீங்கள் முன்னால் சாய்ந்தாலும் பக்கவாட்டில் நகர்ந்தாலும் படம் அசையாமல் நிற்கும். சீட்டில் உட்கார்ந்து ஓட்டும்போது உடம்பு சதா அசைந்துகொண்டே இருக்கும் என்பதால் பத்து நிமிடத்தில் குமட்டல் வந்துவிடும்.

அந்த 500 ரூபாயும் மிச்சமாக ஒரு வழி உண்டு. ஓப்பன்ட்ராக் என்ற இலவச மென்பொருள் வெப்கேமையோ போனையோ வைத்துத் தலையசைவைப் பிடித்து, மானிட்டரிலேயே பார்வையைத் திருப்பித்தரும். ஆழம் கிடைக்காது. ஆனால் பக்கத்துக் காரைப் பார்க்க அது போதும்.

3. கையில மொத்தமே அம்பதாயிரம். ஓரளவு நல்ல கம்ப்யூட்டர் இருக்குது, ஸ்டீயரிங் இல்லை. எதை முதல்ல வாங்கறது?

ஸ்டீயரிங். கேம்பேடை வைத்து விஆரில் ஓட்டுவது யாருக்கும் பிடித்ததில்லை. கை ஒன்று செய்ய, கண் வேறொன்று பார்க்கும். லாஜிடெக் ஜி29 மாதிரி உள்ளே பல்சக்கரத்தில் இயங்கும் பழைய வீலும் பெடலும் செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் அதுவே போதும். மிச்சத்தில் ஹெட்செட்.

ஹெட்செட் விலையோடு கணக்கு முடியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். கூட வரும் துணிப்பட்டை பெரும்பாலும் நெற்றியையும் கன்னத்தையும் அழுத்தும், அதற்கு வேறு ஸ்ட்ராப் வேண்டும். முகத்துக்குச் சிலிகான் உறை, நல்ல கேபிள் அல்லது ரவுட்டர், ஒரு பவர் பேங்க். இதற்கெல்லாம் ஹெட்செட் விலையில் ஐந்தில் ஒரு பங்கை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

4. என் சிஸ்டம் தாங்குமான்னு எப்படிங்க தெரிஞ்சுக்கறது?

முழு ஹெச்டி மானிட்டரில் இருப்பது 20.7 லட்சம் பிக்சல். மெட்டா கம்பெனியின் குவெஸ்ட் 3எஸ் ஹெட்செட்டில் ஒரு கண்ணுக்கு 1832×1920, இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 70 லட்சம். குவெஸ்ட் 3 ஒரு கண்ணுக்கு 2064×2208, மொத்தம் 91 லட்சம். லென்ஸின் வளைவைச் சரிக்கட்ட கிராபிக்ஸ் கார்டு இதைவிடப் பெரிய படத்தை வரைந்து, பிறகு சுருக்கும். 72 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 72 படம்) ஒரு படத்துக்கு 13.9 மில்லிசெகண்டும், 90 ஹெர்ட்ஸில் 11.1 மில்லிசெகண்டும்தான் நேரம். மானிட்டரில் நொடிக்கு 60 படம் வருகிறது என்பது இங்கே எதற்கும் அத்தாட்சி ஆகாது.

காசு செலவில்லாத சோதனை ஒன்று: என்விடியா கண்ட்ரோல் பேனலில் டிஎஸ்ஆர் (படத்தைப் பெரிதாக வரைந்து மானிட்டருக்குச் சுருக்கும் அமைப்பு) 4.00 மடங்கைப் போட்டு, உங்கள் முழு ஹெச்டி மானிட்டரிலேயே கேமை 4கே அளவில் ஓட்டுங்கள். அது 83 லட்சம் பிக்சல். நடுத்தர அமைப்பில், பதினைந்து கார் சுற்றிலும் இருக்கும்போது நொடிக்கு 80 படத்துக்குக் குறையாமல் வந்தால் விஆருக்கு இறங்கலாம். ஏறத்தாழச் சொல்லும் கணக்குதான் இது. விஆரில் பிராசசருக்கும் வேலை கூடும், அதை 16-வது கேள்வியில் பாருங்கள்.

கார்டு என்று பார்த்தால், அசெட்டோ கோர்சா, ஆட்டோமொபிலிஸ்டா 2 என்ற இரண்டு கேமுக்கும் ஆர்டிஎக்ஸ் 3060 அல்லது அதற்கு ஈடான ஒன்றிலிருந்து தொடங்குவது நல்லது. 8 ஜிபி மெமரி வேண்டும், 6 ஜிபியில் திணறும். ஜிடிஎக்ஸ் 1650 வைத்திருப்பவர்கள் ஹெட்செட் காசைக் கார்டில் போடுங்கள், ஹெட்செட்டை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

5. லேப்டாப்ல ஓடுமுங்களா?

எந்த ஹெட்செட் என்பதைப் பொறுத்தது. குவெஸ்ட், பிக்கோ ஹெட்செட்டுகள் இரண்டும் படத்தை வீடியோவாகச் சுருக்கி யுஎஸ்பி அல்லது வைஃபை வழியாக வாங்கிக்கொள்பவை. அவற்றுக்கு டிஸ்ப்ளே போர்ட் (எச்டிஎம்ஐ போல மானிட்டரை மாட்டும் துளை) தேவையில்லை. சோனியின் பிஎஸ் விஆர்2, ஹெச்பி ரிவெர்ப் ஜி2 இரண்டுக்கும் டிஸ்ப்ளே போர்ட் கட்டாயம், அதுவும் கிராபிக்ஸ் கார்டோடு நேராக இணைந்ததாக இருக்கவேண்டும். பல லேப்டாப்பில் யுஎஸ்பி-சி வழியாக வரும் டிஸ்ப்ளே பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸோடு போய்ச் சேரும், அப்போது ஹெட்செட் இருட்டாகவே இருக்கும். என்விடியா கண்ட்ரோல் பேனலில் PhysX அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் எந்தப் போர்ட் எந்தக் கார்டோடு சேர்ந்திருக்கிறது என்று படமே போட்டிருக்கும். எச்டிஎம்ஐயை டிஸ்ப்ளே போர்ட்டாக மாற்றும் கன்வெர்ட்டரை நம்பி வாங்காதீர்கள்.

லேப்டாப் 3060-யும் டெஸ்க்டாப் 3060-யும் ஒன்றில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். லேப்டாப்பில் கார்டுக்குப் போகும் வாட் குறைவு. சார்ஜரைக் குத்தி, அடியில் காற்று போக இடம் விட்டுத்தான் ஓட்டவேண்டும்.

6. சுத்தி வளைக்காம பேரைச் சொல்லுங்க. எதை வாங்கறது?

புதிதாக, வாரண்டியோடு, குறைந்த விலையில் என்றால் குவெஸ்ட் 3எஸ். 2024 அக்டோபரில் 299 டாலருக்கு வந்தது. உள்ளிருக்கும் சிப் குவெஸ்ட் 3-ல் இருப்பதுதான், லென்ஸும் திரையும் குவெஸ்ட் 2 வகை. கொஞ்சம் காசு கூட்ட முடிந்தால், அல்லது செகண்ட் ஹேண்டுக்குத் தயார் என்றால், குவெஸ்ட் 3. 2023-ல் வந்தது. எங்களைக் கேட்டால் புது 3எஸ்ஸைவிட நல்ல நிலையில் உள்ள பழைய 3 பந்தயத்துக்கு மேல். காரணம் லென்ஸ், அடுத்த கேள்வியில் விரிவாக இருக்கிறது.

செகண்ட் ஹேண்டில் பலரும் கவனிக்காத ஒன்று பிக்கோ 4. ஒரு கண்ணுக்கு 2160×2160, 90 ஹெர்ட்ஸ். பேட்டரி தலைக்குப் பின்னால் இருப்பதால் மூக்கில் பாரம் விழாது. ஆனால் அதன் கண் இடைவெளி 62 மி.மீ.யில்தான் ஆரம்பிக்கும், குறுகிய முகத்துக்கு ஒத்துவராது. குவெஸ்ட் 2 மிக மலிவாகக் கிடைத்தால் பழகிப் பார்க்க எடுக்கலாம், முழு விலை கொடுக்காதீர்கள். 2019-ன் ரிஃப்ட் எஸ், அதற்கு முந்தியவை எல்லாம் இனி வேண்டாம். முன்னால் போகும் காரின் பிரேக் லைட்டே புள்ளியாகத்தான் தெரியும்.

சோனியின் பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5) வீட்டில் இருந்தால் கணக்கே வேறு. பிஎஸ் விஆர்2 வாங்கி கிரான் டூரிஸ்மோ 7 என்ற பந்தய கேமைப் போடுங்கள், கம்ப்யூட்டர் செலவே இல்லை. அதையே கம்ப்யூட்டரிலும் மாட்டலாம். 2024 ஆகஸ்டில் சோனி அதற்கென அடாப்டர் விட்டது. டிஸ்ப்ளே போர்ட் 1.4 கேபிள் அதனோடு வராது, தனியாக வாங்கவேண்டும். ப்ளூடூத்தும் வேண்டும். படம் சுருக்கப்படாமல் வருவதாலும் ஓஎல்இடி திரை என்பதாலும் இரவுப் பந்தயத்தில் இருட்டு இருட்டாகவே இருக்கும். லென்ஸின் நடுப்பகுதியில் மட்டும்தான் கூர்மை, கண்ணுக்கு நேராகப் பொருத்தி வைக்கப் பொறுமை வேண்டும்.

7. எல்லாரும் லென்ஸ் லென்ஸ்ங்கறாங்களே, பிக்சல் அதிகமா இருந்தா போதாதா?

போதாது. பழைய வகை ஃப்ரெனெல் லென்ஸில் வட்டவட்டமாக வரிகள் இருக்கும். நடுவில் தெளிவு, ஓரத்துக்குப் போகப்போக மங்கல், இரவு விளக்குகளைச் சுற்றி ஒளிச்சிதறல். குவெஸ்ட் 2, குவெஸ்ட் 3எஸ், ரிவெர்ப் ஜி2, பிஎஸ் விஆர்2 எல்லாம் இந்த வகை. பேன்கேக் லென்ஸ் ஓரம்வரை ஏறக்குறைய ஒரே தெளிவைத் தரும். குவெஸ்ட் 3, பிக்கோ 4 இரண்டும் அந்த வகை.

மற்ற விஆர் விளையாட்டுகளில் பார்க்க வேண்டியதை நோக்கித் தலையையே திருப்புவோம். பந்தயத்தில் தலை நேராக இருக்க, கண் மட்டும் கண்ணாடிக்கும் டேஷ்போர்டுக்கும் வளைவின் முனைக்கும் ஓடும். ஓரம் மங்கலான லென்ஸில் ஒவ்வொரு முறையும் கழுத்தைத் திருப்பவேண்டும். நீண்ட பந்தயத்தில் கழுத்து வலி என்று சொல்கிறவர்களில் பலருக்கு எடையைவிட இதுதான் காரணம்.

8. ரிவெர்ப் ஜி2 பாதி விலைக்குத் தர்றாங்க. படம் பிரமாதம்னு சொல்றாங்க. எடுத்துப் போட்டுக்கலாமா?

படம் பிரமாதம்தான். ஆனால் அது விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி என்ற மைக்ரோசாஃப்டின் விஆர் மென்பொருளை நம்பி ஓடுவது. விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் அதை நீக்கிவிட்டது. சிஸ்டம் அப்டேட் ஆகியிருந்தால் ஹெட்செட்டை மாட்டியும் பயனில்லை. விலை இறங்கியதற்கு இதுதான் காரணம், விற்பவர் சொல்லமாட்டார்.

2025-ல் வந்த ஓயாசிஸ் டிரைவர் இதை ஸ்டீம்விஆர் என்ற மென்பொருளில் மறுபடி ஓடவைக்கிறது, என்விடியா கார்டில் மட்டும். அது தனி ஒருவரின் உழைப்பு, கம்பெனி ஆதரவு கிடையாது. கேபிள் போனால் மாற்றுக் கேபிள் கிடைப்பதும் சிரமம். நோண்டிச் சரிசெய்வதில் ஆர்வமுள்ளவர், மிக மலிவு, என்விடியா கார்டு, இந்த மூன்றும் சேர்ந்தால் மட்டும் யோசியுங்கள்.

9. துபாய்ல இருக்கிற மச்சான் அடுத்த மாசம் வர்றாரு. அங்கேருந்தே வாங்கிட்டு வரச் சொல்லட்டுங்களா?

பாலக்காட்டுப் பக்கம் பாதி ஹெட்செட் இப்படித்தான் வருகிறது. இங்கே ஓடுமா என்றால் ஓடும். சார்ஜர் 240 வோல்ட்டைத் தாங்குவதுதான், பிளக்கின் கால் மட்டும் வேறாக இருக்கும். சிம் கேம்களை ஸ்டீம் என்ற இணையக் கடையில் உங்கள் கணக்கில் வாங்கப்போவதால் ஹெட்செட் எந்த ஊரில் வாங்கியது என்பது அங்கே இடிக்காது.

இடிப்பது வாரண்டி. வாங்கிய நாட்டில்தான் அது செல்லும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். ஆகவே மச்சான் பெட்டியை உடைக்காமல் பத்திரமாகக் கொண்டுவருவது உங்களுக்கு உதவி இல்லை. அங்கேயே பிரித்து, ஒரு மணி நேரம் ஓடவிட்டு, வெள்ளைத் திரையில் செத்த பிக்சல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். குறை இருந்தால் அந்தக் கடையிலேயே மாற்றிவிடலாம். பில்லைக் கையோடு வைத்திருக்கட்டும், சுங்கத்தில் விலை கேட்டால் காட்டவேண்டும். லித்தியம் பேட்டரி இருப்பதால் ஹெட்செட்டும் பவர் பேங்க்கும் கைப்பையில் வரட்டும்.

10. செகண்ட் ஹேண்ட் பார்க்கப் போறேன். நேர்ல எதை எதைப் பார்க்கணும்?

லென்ஸை முதலில். போன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். நடுவில் கீறல் இருந்தால் பேரம் பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள். பிறகு திரையில் வெயில் சுட்ட தழும்பு. ஜன்னலோரம் வைத்துவிட்டால் லென்ஸ் வெயிலைக் குவித்துத் திரையைப் பொசுக்கிவிடும். வெள்ளைப் படத்தில் மஞ்சளாகவோ கருப்பாகவோ ஒரு புழு நெளிவது போல் தெரியும், அதைச் சரிசெய்ய முடியாது.

அடுத்து யுஎஸ்பி-சி துளை. கேபிளைக் குத்தி லேசாக ஆட்டிப்பாருங்கள், இணைப்பு விடக்கூடாது. பந்தயத்தில் அந்தத் துளைதான் அதிகம் அடிபடும். கண்ட்ரோலர் ஸ்டிக் தானாக நகர்ந்தால் கவலைப்படவேண்டாம், அதைக் காட்டி விலையைக் குறையுங்கள், வீல் இருப்பவருக்கு அது மெனுவுக்கு மட்டும்தான். கடைசியாக, விற்பவர் தன் கணக்கிலிருந்து அதை நீக்கி, உங்கள் முன்னாலேயே ஃபேக்டரி ரீசெட் செய்து, உங்கள் கணக்கில் திறந்த பிறகு காசைக் கொடுங்கள்.

11. கண்ணாடி போடுறவன் நான். ஐபிடின்னு வேற ஒண்ணு சொல்றாங்க, தலை சுத்துது.

ஐபிடி என்பது இரண்டு கருவிழி நடுவுக்கும் இடையிலுள்ள தூரம். முகம் பார்க்கும் கண்ணாடி முன் நின்று மூக்கின் மேல் மில்லிமீட்டர் ஸ்கேலை வைத்து, இடது கண்ணை இடது கண்ணாலும் வலதை வலதாலும் பார்த்து அளக்கலாம். கண்ணாடிக் கடையில் கேட்டாலும் எழுதித் தருவார்கள். பெரியவர்களின் சராசரி 63 மி.மீ.யை ஒட்டி இருக்கும். குவெஸ்ட் 2, 3எஸ் இரண்டிலும் 58, 63, 68 என்று மூன்றே படி. உங்கள் அளவு 65 அல்லது 66 என்றால் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள். குவெஸ்ட் 3-ல் 58 முதல் 71 வரை சக்கரத்தைத் திருகி வைக்கலாம்.

தூரத்தில் இருப்பதைப் பார்க்கக் கண்ணாடி போடுபவர் உள்ளேயும் போட்டாகவேண்டும், ஏனென்றால் லென்ஸ் படத்தை ஒன்றரை மீட்டர் சுமாருக்குத் தள்ளித்தான் காட்டுகிறது. படிப்பதற்கு மட்டும் கண்ணாடி வைத்திருக்கும் நாற்பதைத் தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் அது இல்லாமலே தெரியும். கண்ணாடி அகலம் 142 மி.மீ., உயரம் 50 மி.மீ.க்குள் இருப்பது நல்லது. கண்ணாடியும் லென்ஸும் உரசினால் கீறிக்கொள்வது ஹெட்செட்டின் பிளாஸ்டிக் லென்ஸ்தான். தினமும் ஓட்டுபவர் பவர் வைத்த காந்த லென்ஸ் ஒரு ஜோடி வாங்கிவிடுவது மிச்சம்.

12. வயரா, வைஃபையா?

உட்கார்ந்த இடத்தில் ஓட்டுபவருக்கு வயர் போதும். மூன்று மீட்டர், யுஎஸ்பி 3 கேபிள், மதர்போர்டின் பின்பக்கத் துளையில். கேபினட்டின் முன்துளையில் குத்தி அடிக்கடி அறுந்துபோவதாகப் புகார் சொல்பவர்கள் அதிகம். விண்டோஸ் பவர் அமைப்பில் யுஎஸ்பி செலெக்டிவ் சஸ்பெண்டையும் அணைத்துவிடுங்கள்.

வைஃபை என்றால் இணைய வேகம் ஒரு பொருட்டே இல்லை. படம் உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து ரவுட்டருக்கும் அங்கிருந்து ஹெட்செட்டுக்கும்தான் போகிறது. கம்ப்யூட்டரை லேன் கேபிளில் ரவுட்டரோடு இணைக்கவேண்டும், ரவுட்டர் அதே அறையில் இருக்கவேண்டும், 2.4 கிகாஹெர்ட்ஸ் ஆகாது, 5 வேண்டும். இங்கே பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று: பழைய ரவுட்டர்களில் லேன் துளை 100 எம்பிபிஎஸ்தான். விண்டோஸில் ஈதர்நெட்டின் லிங்க் ஸ்பீடு 1000 என்று காட்டுகிறதா என்று பாருங்கள். 100 என்றால் வைஃபை எவ்வளவு வேகமாக இருந்தாலும் படம் பிசிறடிக்கும். நான்கு ஜோடிக் கம்பியில் ஒன்று அறுந்த லேன் கேபிளும் இதே 100-ஐத்தான் காட்டும், ரவுட்டரை மாற்றும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

மென்பொருளில் மெட்டா லிங்க்கும் ஸ்டீம் லிங்க்கும் இலவசம். விர்ச்சுவல் டெஸ்க்டாப் காசு, ஆனால் கொடுக்கலாம். அதை ஹெட்செட்டின் கடையில் வாங்கவேண்டும். ஸ்டீமில் அதே பெயரில் இருப்பது வேறு பொருள், அதை வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு.

13. கேபிள் போட்டே இருக்குது, ஆனாலும் சார்ஜ் இறங்குதுங்களே?

யுஎஸ்பி 3 துளை தருவது சாதாரணமாக 4.5 வாட். ஹெட்செட் குடிப்பது அதைவிட அதிகம். இரண்டு மணி நேரம் ஓடுவது மூன்று, நான்காகலாம், நிற்காமல் ஓடாது. பக்கவாட்டில் சார்ஜருக்குத் தனித் துளை வைத்த லிங்க் கேபிள் விற்கிறது, அதுதான் நேரான தீர்வு. வைஃபையில் ஓட்டுபவர் 10,000 எம்ஏஎச் பவர் பேங்க்கை ஸ்ட்ராப்பின் பின்பக்கம் கட்டிவிட்டால் சார்ஜும் ஆகும், முன்பாரமும் சமப்படும்.

14. தினமும் வால்பாறை நாப்பது கொண்டை ஊசி வளைவுல வண்டி ஓட்டறவன் நான். எனக்கெல்லாம் தலை சுத்துமா?

சுற்றலாம். மலைப்பாதையில் கண் பார்க்கும் திருப்பத்தைக் காதுக்குள்ளிருக்கும் சமநிலை உறுப்பும் உணர்கிறது. விஆரில் கண் மட்டும் திரும்புகிறது, உடம்பு நாற்காலியில் சும்மா இருக்கிறது. நிஜ ஓட்டத்தில் பழுத்தவர்களுக்கு இந்த முரண் முதல் வாரத்தில் இன்னும் அதிகமாகவே உறுத்தும்.

சமதளமான தடத்தில், மெதுவான ஜிடி காரில், தனியாக, பத்து நிமிடம் என்று தொடங்குங்கள். ராலி கேம் முதல் மாதம் வேண்டாம். கேமில் கேமரா குலுக்கலை அணைத்து, தொடுவானத்தோடு பார்வையைப் பூட்டும் அமைப்பைப் போடுங்கள். கார் சுழலும்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள். முகத்துக்கு நேராக மேசை மின்விசிறி ஒன்று ஓடட்டும். முதல் அறிகுறி வாயில் எச்சில் ஊறுவதும் காதோரம் சூடாவதும்தான், அங்கேயே கழற்றிவிட வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினால் மூளை அந்த ஹெட்செட்டையே குமட்டலோடு முடிச்சுப் போட்டுவிடும், பிறகு பார்த்தாலே வரும். ஃபிரேம் குறைந்து படம் இழுத்தாலும் இதேதான் நடக்கும். எனவே அடுத்த கேள்வி இதற்கும் மருந்து.

15. 90 வெச்சா படம் இழுக்குது, பாதியா குறையுது. எதைக் குறைக்கறது?

முதலில் 90-ஐயே குறையுங்கள். கார்டால் 90-ஐப் பிடிக்க முடியாதபோது மென்பொருள் 45-ல் ஓட்டி, இடையிடையே படத்தை இட்டுக்கட்டும். அப்போது வேலிக்கம்பிகளும் பக்கத்துக் காரின் ஓரமும் நெளியும். அசையாத 72, ஆடும் 90-ஐவிட எவ்வளவோ மேல். மெட்டா லிங்க்கில் இந்த இட்டுக்கட்டலை அணைக்க கண்ட்ரோலோடு நம்பர்பேடு 1-ஐ அழுத்துங்கள், உண்மையான எண்ணிக்கை தெரியும்.

பிறகு இந்த வரிசையில் இறக்குங்கள்: நிழல், காரின் பின்பார்வைக் கண்ணாடிகளின் தரம், காரின் மேல் விழும் பிரதிபலிப்பு, புல்லும் கூட்டமும், போஸ்ட் பிராசசிங் (படம் வரைந்தபின் சேர்க்கும் அலங்காரம்) முழுவதும். கோடுகளின் ஓரத்தை வழவழப்பாக்கும் எம்எஸ்ஏஏ 2 மடங்காவது இருக்கட்டும், அது இல்லாவிட்டால் எல்லாக் கோடும் மினுமினுக்கும். அனிசோட்ரோபிக் ஃபில்டரிங் 16-ல் இருப்பதைத் தொடவேண்டாம், அதற்குச் செலவு குறைவு, சாலை தூரம்வரை தெளியும். ரெசல்யூஷனைக் கடைசியில்தான் குறைக்கவேண்டும்.

16. தனியா ஓட்டினா வெண்ணெய் மாதிரி போகுது. இருபத்தஞ்சு கார் போட்டா ஸ்டார்ட்லயே திக்குது. கார்டு மாத்தணுமா?

கார்டை மாற்றும் முன் ரெசல்யூஷனைப் பாதியாக்கி அதே ஸ்டார்ட்டை ஓட்டிப் பாருங்கள். திக்கல் அப்படியே இருந்தால் குற்றவாளி பிராசசர். ஒவ்வொரு காரின் இயற்பியலும் செயற்கை ஓட்டுநரும் அதன் தலையில்தான். எதிரிகளை 15 ஆக்கி, கண்ணாடியில் தெரியும் கார்களைக் குறைத்து, பின்னணியில் ஓடும் பிரவுசரை மூடுங்கள்.

ஏஎம்டி பிராசசருக்கான ஏஎம்4 வகை மதர்போர்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. ரைசன் 7 5700எக்ஸ்3டி அல்லது 5800எக்ஸ்3டி கிடைத்தால் போர்டும் ரேமும் மாற்றாமல் மாட்டலாம், பயாஸ் அப்டேட் மட்டும். அவற்றின் 96 எம்பி எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி) இந்த வகை கேம்களுக்கு நன்றாகப் பிடிக்கும்.

17. எந்த கேம்ல ஆரம்பிக்கறது?

2014-ன் அசெட்டோ கோர்சா. பழையது, இலகுவானது, கண்டென்ட் மேனேஜர், கஸ்டம் ஷேடர்ஸ் பேட்ச் என்ற இரண்டு துணை மென்பொருளும் சேர்த்தால் இன்றும் விஆரில் சொகுசு. அதற்கடுத்து ஆட்டோமொபிலிஸ்டா 2. ஐரேசிங் நன்றாக ஓடும், ஆனால் சந்தா. அசெட்டோ கோர்சா காம்பெடிசியோனே விஆரில் கார்டை உறிஞ்சும், 3060-ல் எதிர்பார்க்காதீர்கள். ராலிக்கு டர்ட் ராலி 2.0. ஃபோர்சா கேம்களில் விஆர் கிடையாது, அதை நம்பி ஹெட்செட் வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

18. தூரத்துல 100 மீட்டர் போர்டு படிக்க முடியலை. ஹெட்செட் கோளாறா?

பெரும்பாலும் இல்லை. ஹெட்செட்டை முகத்தில் மேலும் கீழும் நகர்த்தி டேஷ்போர்டு எழுத்து தெளியும் இடத்தில் நிறுத்துங்கள், பாதிப் புகார் அங்கேயே முடியும். ஐபிடி சரியா என்று 11-ஐப் பாருங்கள். குவெஸ்ட் என்றால் அடுத்து பிட்ரேட், அதாவது சுருக்கிய படம் நொடிக்கு எவ்வளவு டேட்டாவாகப் போகிறது என்பது. வயரில் என்றால் மெட்டா மென்பொருளோடு வரும் ஓக்குலஸ் டீபக் டூலைத் திறந்து என்கோட் பிட்ரேட்டை 350 எம்பிபிஎஸ்ஸில் வைத்து, படம் விக்காதவரை 50 50 ஆக ஏற்றுங்கள். மரமும் புல்லும் நிறைந்த தடத்தில்தான் வித்தியாசம் தெரியும், ஏனென்றால் சுருக்குவதற்குக் கடினமானது அதுதான். இவ்வளவுக்குப் பிறகும் போர்டு மங்கலாக இருந்தால் பிரேக் போடும் இடத்துக்குத் தார்த் திட்டு, வேலித் தூண் என்று வேறு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

19. வேர்த்து லென்ஸ் மூடிக்குது. மழைக்காலத்துல எப்படிங்க பாதுகாக்கறது?

கேமைத் திறக்கும் முன் ஐந்து நிமிடம் ஹெட்செட்டை ஆன் செய்து வைத்தால் லென்ஸ் சூடேறி ஆவி படியாது. ஸ்பாஞ்சு முகமூடி வியர்வையை உறிஞ்சி நாறும், சிலிகான் உறையைக் கழுவிக் காயவைக்கலாம். ஜூன் முதல் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் ஈரமும் இருக்கும் மாதங்களில், மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஈரம் காயும் முன் டப்பாவுக்குள் போடாதீர்கள்.

தேங்காய் நார் மில் பக்கம் வீடு இருப்பவர்களுக்குத் தூசிதான் பெரிய எதிரி. வேட்டி முனையாலோ பனியனாலோ துடைத்தால் அந்தத் துகளே லென்ஸைக் கீறும். முதலில் கேமரா ஊதுகுழலால் ஊதி, பிறகு உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கம் துடையுங்கள். ஸ்பிரிட், கொலோன், சானிடைசர் எதுவும் படக்கூடாது.

20. பந்தயத்துக்கு நடுவுல கரண்ட் போனா என்னாகும்?

ஹெட்செட்டுக்கு ஒன்றும் ஆகாது, கம்ப்யூட்டர்தான் பாவம். 600 விஏ யுபிஎஸ் தருவது 360 வாட் சுமார், கேம் ஓடும்போது அது பீப் அடித்து விழும். 1000 விஏ பாருங்கள். ரவுட்டரையும் அதிலேயே மாட்டுங்கள். வீட்டு இன்வெர்ட்டரை நம்புபவர்கள் அதன் பின்பக்க சுவிட்சை யுபிஎஸ் நிலையில் வைக்கவேண்டும். மற்ற நிலையில் மாறும் நேரம் கூடி, கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும். தோட்டத்து மோட்டார் ஓடும் லைனில் வோல்ட்டேஜ் இறங்கினால் ஸ்டெபிலைசரும் தேவை.

21. வீல்ல பட்டன் எதுன்னே தெரியறதில்லை. தடவிக்கிட்டே சுவத்துல போய் முட்டறேன்.

அடிக்கடி தேவைப்படும் மூன்று பட்டன் மேல் மட்டும் சிறு ரப்பர் பொட்டு ஒட்டுங்கள். எல்லாவற்றிலும் ஒட்டினால் பயனில்லை. பார்வையை மறுபடி நேராக்கும் ரீசென்டரை ஒரு பட்டனுக்குக் கட்டாயம் கொடுங்கள், ஒவ்வொரு பந்தயத்திலும் அது வேண்டும். சீட்டில் முதுகைச் சாய்த்து, இயல்பாக ஓட்டும் நிலையில் இருந்து அதை அழுத்துங்கள். நிஜ வீலும் கேமின் வீலும் ஒரே உயரத்தில் வந்தால் கை தானாகப் பட்டனைத் தேடிப்போகும்.

22. எட்டு வயசுப் பையன் கேட்டு அழுவறான். குடுக்கலாமா?

வேண்டாம். மெட்டா 10 வயதுக்குக் கீழும், சோனி 12 வயதுக்குக் கீழும் கூடாது என்கின்றன. அந்த வயதின் ஐபிடி 58-ஐவிடச் சின்னதாக இருக்கும், லென்ஸ் நேராக வராது. மானிட்டரில் வீலைக் கொடுங்கள்.

23. ஓட்டிக்கிட்டிருக்கும்போதே சீட் மெல்ல நகர்ந்து, கதவுக்கு வெளியே போயிடறேன். என்ன கோளாறு?

ஹெட்செட்டின் கேமராக்கள் அறையை அடையாளம் வைத்துத்தான் தன் இடத்தைக் கணக்கிடுகின்றன. வெறும் வெள்ளைச் சுவர், மங்கலான விளக்கு, எதிரே பீரோ கண்ணாடி, இவற்றில் ஏதாவது ஒன்று இருக்கும். சுவரில் ஒரு காலண்டரோ இரண்டு படமோ மாட்டி, ட்யூப்லைட்டைப் போட்டு, கண்ணாடியைத் துணியால் மூடிப் பாருங்கள். குவெஸ்ட் அமைப்புகளில் டிராக்கிங் ஃப்ரீக்வென்சியை 50 ஹெர்ட்ஸில் வையுங்கள், நம் மின்சாரம் அதுதான். 60-ல் இருந்தால் விளக்கின் துடிப்பு கேமராவைக் குழப்பும். ஹெட்செட்டின் பாதுகாப்பு எல்லைக்கோட்டை உட்கார்ந்த நிலைக்கு மாற்றுங்கள். இதற்குப் பிறகும் நகர்ந்தால் முன்கேமராக்களின் மேல் வியர்வைக் கறை இருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள்.